பிள்ளைகள் எல்லாம் ஒரே குடும்பமா?

ஜூன் 3

ஒரு வாசகர் கேட்டது:

"ஆங்கிலப் புத்தகங்களின் பின்பக்கப் பெயரடைவைப் பார்த்தால் பிள்ளை என்ற குடும்பப்பெயரில் அத்தனை பெரியவர்கள் வருகிறார்கள். வ.உ.சி., மனோன்மணியம் எழுதியவர், உ.வே.சா.வின் ஆசிரியர், டைரி எழுதிய ஆனந்தரங்கர். ஐரோப்பாவில் பெர்னூலி என்று ஒரே குடும்பத்தில் கணித மேதைகள் வரிசையாக வந்தார்களே, அப்படி இவர்களும் ஒரு வம்சமா? கிளை எங்கே பிரிந்தது?"

ஜூன் 3, இரவு

வம்சம் கிடையாது. நீங்கள் சொன்ன நால்வரில் எந்த இருவருக்கும் கொள்வினை கொடுப்பினைகூட இருந்ததாகப் பேச்சில்லை.

பெர்னூலிகள் பாசல் நகரத்து ஒரே வீட்டுக்காரர்கள். யாக்கோபும் யோஹானும் அண்ணன் தம்பி, டேனியல் யோஹானின் மகன். கொடிவழி போடலாம். இங்கே ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) சென்னைப் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். இடையர் குலம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) திருச்சிப் பக்கம், சைவ வேளாளர். சுந்தரம் பிள்ளை (1855–1897) பிறந்தது ஆலப்புழை, வேலை பார்த்தது திருவனந்தபுரம். வ.உ.சி. (1872–1936) ஓட்டப்பிடாரம். நான்கு திசை, மூன்று அரசு. பிரெஞ்சுக்காரன் கீழே ஒருவர், திருவிதாங்கூர் மகாராஜா கீழே ஒருவர், மற்ற இருவரும் வெள்ளைக்காரன் ராஜ்யத்தில்.

நம் பெயர்களில் ஆள் முன்பக்கம் இருக்கிறார். ஊர், அப்பா, பட்டம், அப்புறம் பெயர். கடைசியில் வருவது மரியாதைக்கு வருவது. கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

ஜூன் 4

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து ஏற்றும் இடத்தில் பெயர்களைச் சரிபார்ப்பது என் வேலை. எக்செல் தாளில் 'ஆசிரியர்' என்று ஒரு பத்தி, 'நூல் யாரைப் பற்றியது' என்று ஒரு பத்தி. எங்களுக்குக் கொடுக்கப்பட்ட விதி, கடைசிச் சொல்லை முன்னால் கொண்டுவந்து கமா போடு, மற்றதை முதலெழுத்தாகச் சுருக்கு. அகரவரிசைப்படுத்தினால் 'பி' வந்ததும் திரை நகரவே நகராது. பிள்ளை, பிள்ளை, பிள்ளை.

அதில் 'பிள்ளை, மீ.' என்ற வரிக்கு நேரே மூன்று நூல்கள் சேர்ந்து கிடந்தன. ஒன்று தலபுராணம். இன்னொன்று பரதநாட்டியம் பற்றியது. மூன்றாவது ஒரு தவில் வித்துவானுக்காகப் போட்ட நினைவு மலர். கணினி மூவரையும் ஒருவராக்கி, ஒரே எண் கொடுத்து, 'இவரைப் பற்றிய பிற நூல்கள்' என்று ஒன்றுக்கொன்று இணைப்பும் போட்டிருந்தது.

ஜூன் 4, மாலை

யார் அந்த மூவர் என்று உடனே கேட்டுவிட்டார்கள்.

முதலாமவர் திரிசிரபுரம் மகாவித்துவான். புராணங்கள் மட்டுமே இருபதுக்கு மேல் பாடியவர், திருவாவடுதுறை ஆதீன வித்துவான், உ.வே.சா.வின் ஆசிரியர்.

அடுத்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954), நட்டுவனார். தஞ்சை நால்வர் என்கிற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு வழியில் வந்தவர். ருக்மிணி தேவி, ராம் கோபால், மிருணாளினி சாராபாய் எல்லாரும் இவரிடம் ஆடக் கற்றவர்கள். இன்றைக்குப் பந்தநல்லூர் பாணி என்று உலகம் முழுக்கச் சொல்வது இவர் வீட்டுப் பாணியைத்தான்.

மூன்றாமவர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தவில். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்துக்கு அவர் வாசித்ததைப் பற்றி தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள்.

முழுப்பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்று. மூவரையும் பிரிப்பது முன்னால் நிற்கும் ஊர்ப்பெயர் மட்டும்தான். திரிசிரபுரம், பந்தநல்லூர், நீடாமங்கலம். அதை வெட்டி எறிந்துவிட்டு 'மீ.' என்று போடச் சொல்லுகிறது விதி.

ஜூன் 5

"அப்படியானால் பழைய நூல்களில் வெறும் பிள்ளை என்று வந்தால் யாரென்று எடுத்துக்கொள்வது?"

எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உ.வே.சா. எழுத்தில் 'பிள்ளையவர்கள்' என்றால் மகாவித்துவான் ஒருவரே. 1933, 1934-ல் இரண்டு பாகமாக வந்த சரித்திரம் முழுக்க அந்த ஒரு சொல்லால்தான் ஆசிரியரைக் குறிக்கிறார், ஓரிடத்தில்கூடக் குழப்பம் வராது. தூத்துக்குடிச் சுதேசிக் கப்பல் கதையில் பிள்ளை என்றால் வ.உ.சி. டூப்ளே காலத்துப் புதுச்சேரி என்றால் ரங்கப் பிள்ளை. நாகர்கோவில்காரர்கள் வாயில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை.

ஜூன் 6

ஒருவர் சற்றுக் கோபமாகவே எழுதியிருக்கிறார். "பிள்ளை என்பது வேளாளர் பட்டம். அதை ஏன் மழுப்புகிறீர்கள்?"

மழுப்பவில்லை. வேளாளரில் பலர் போட்டுக்கொண்டார்கள், அது தெரிந்ததே. அவர்கள் மட்டுமே போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் நிற்காது. ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். பந்தநல்லூராரும் ராஜரத்தினம் பிள்ளையும் இசை வேளாளர்கள், வேறு சமூகம். திருவிதாங்கூரில் நாயர்கள் பெயரில் பிள்ளை, அரசன் கொடுத்த கௌரவமாக வந்தது. தகழி சிவசங்கரப் பிள்ளை (1912–1999) அந்த வழி.

மதமும் அப்படித்தான். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். தமிழின் முதல் நாவல் என்று சொல்லும் பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-ல் வெளியிட்டவர், மாவட்ட முன்சீப். எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளையும் (1865–1925) கத்தோலிக்கர். எல்.டி. என்றால் லூயிஸ் டொமினிக். கல்வெட்டில் இருக்கும் திதி, நட்சத்திரம், கிழமையை வைத்து ஆங்கிலத் தேதி கண்டுபிடிக்க இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் பஞ்சாங்க அட்டவணைகள் அவர் போட்டவை. கடைசிக் காலத்தில் சென்னைச் சட்டசபையின் தலைவராகவும் இருந்தார். இவ்வளவு பெரிய உழைப்பாளியை நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஜூன் 6, பிற்பகல்

மேலே உள்ளதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரைப் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை. நிலமில்லாத விவசாயக் கூலிக் குடும்பம், களஞ்சியம் மகளிர் சேமிப்புக் குழுக்களைக் கட்டி எழுப்பியவர். 2001-ல் டெல்லியில் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ. அவருக்குச் சின்னப்பிள்ளை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர், முழுசாக ஒரே பெயர். ஒரு பட்டியலில் அதையும் உடைத்து 'பிள்ளை, சி.' என்று போட்டு, பால் என்ற இடத்தில் ஆண் என்று நிரப்பியிருந்ததைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் விதியை மாற்றச் சொல்லி நான் மேலிடத்துக்கு எழுதியது.

ஜூன் 8

கிருஷ்ண பிள்ளை பற்றிக் கேட்டவருக்கு.

எத்தனை பேர் வேண்டும்? எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) நெல்லைச் சீமைக் கரையிருப்பு. வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்று, ஹென்றி ஆல்பிரட் ஆனார். 1894-ல் இரட்சணிய யாத்திரிகம். கம்பனை ஊறப் படித்த ஒருவர் கிறிஸ்தவக் காப்பியம் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு அதைத்தான் படிக்க வேண்டும். அவருடைய எச்.ஏ.வில் ஊரும் கிடையாது, அப்பாவும் கிடையாது. முதலெழுத்து என்றால் ஊர் அல்லது தகப்பன் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இவரிடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

மலையாளத்தில் சங்ஙம்புழ கிருஷ்ண பிள்ளை, கவிஞர். தோழரான கவிஞர் இடப்பள்ளி ராகவன் பிள்ளை 1936-ல் தற்கொலை செய்துகொண்ட துக்கத்தில் ரமணன் எழுதினார். கேரளத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் மனப்பாடமாகப் பாடிய கவிதை அது. 1948 ஜூனில் 36 வயதில் போய்விட்டார். அதே வருஷம் ஆகஸ்டில் இன்னொரு கிருஷ்ண பிள்ளை, பி. கிருஷ்ண பிள்ளை, கேரளக் கம்யூனிஸ்ட் இயக்கத்தைக் கட்டியவர், தலைமறைவாக இருந்த குடிசையில் பாம்பு கடித்து இறந்தார். இரண்டு மாத இடைவெளி, ஒரே பெயர், இருவருமே மக்கள் தோளில் வைத்துக் கொண்டாடியவர்கள். இறந்த வருஷத்தை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காணும் பட்டியல்களில் இந்த இருவரும் முட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. மாதத்தையும் போட வேண்டும்.

நகைச்சுவை எழுத்தாளர் ஈ.வி. கிருஷ்ண பிள்ளையும் (1894–1938) இருக்கிறார். நடிகர் அடூர் பாஸியின் தந்தை.

ஜூன் 8, இரவு

செண்பகராமன் பிள்ளையும் இதே சங்கதிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மனியில் இருந்து வெள்ளையனை எதிர்த்தவர் (1891–1934) திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர், பெர்லினில் இறந்தார். ஆனால் செண்பகராமன் என்பது திருவிதாங்கூர் அரசர்கள் கொடுத்து வந்த பட்டமும்கூட. அதனால் பழைய திருவிதாங்கூர்க் காகிதங்களில் அந்தப் பெயரைப் பார்த்தவுடன் நம்மாள் என்று துள்ளக்கூடாது. 1891-க்கு முந்திய காகிதம் என்றால் கண்டிப்பாக வேறு ஆள்.

ஜூன் 10

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், எங்கட பக்கம் பிள்ளையைத் தனியாகப் பிரிப்பதில்லை, தாமோதரம்பிள்ளை என்று சேர்த்துத்தான் எழுதுவோம் என்று. முழுக்கச் சரி. அங்கே அது பெயரோடு ஒட்டிப் பிறந்தது. நம்மூர் அச்சகங்கள்தான் நடுவில் இடைவெளி விட்டன.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர். சி.வை. தாமோதரம்பிள்ளை (1832–1901), கரல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார், வட்டுக்கோட்டை செமினரியோடு தொடர்புள்ளவர்கள். உறவுக்காரர்கள் என்று எழுதிய ஒரு கட்டுரையை என்னிடம் ஒருவர் அனுப்பினார். பெயரின் வாலைப் பார்த்து எழுதியது, வேறு ஆதாரம் அதில் ஒன்றும் இல்லை.

சி.வை. என்றால் சிறுப்பிட்டி என்ற ஊரும் வைரவநாதர் என்ற தகப்பனும். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885-ல், கலித்தொகையை 1887-ல் பதிப்பித்தார். ஏட்டை எடுத்தால் ஓரம் ஒடிந்து விழுகிறது, கட்டு அவிழ்த்தால் இதழ் முரிகிறது என்று அவர் பட்ட பாட்டைப் பதிப்புரையில் சொல்லுவார். கிறிஸ்தவச் சூழலில் படித்து வளர்ந்து சைவத்துக்குத் திரும்பியவர் அவர். மகன் அழகசுந்தரம், பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் கிறிஸ்தவப் போதகராகவும் தமிழறிஞராகவும் விளங்கினார். அப்பா பிள்ளை, மகன் கிங்ஸ்பரி. குடும்பப்பெயரை வைத்துத் தேடுகிறவருக்குச் சொந்த அப்பனும் மகனும் அகப்படமாட்டார்கள், சம்பந்தமில்லாத நாற்பது பேர் அகப்படுவார்கள்.

ஜூன் 11

யாழ்ப்பாணத்தார் இன்னொன்றும் நினைவுபடுத்தினார். எங்கள் பட்டியலில் மிக மோசமாகச் சிக்கிக் கிடப்பது இதுதான்.

கதிரைவேற்பிள்ளை இருவர். இருவரும் யாழ்ப்பாணம். இருவரும் அகராதிக்காரர்கள். வைமன் கு. கதிரைவேற்பிள்ளை (1829–1904) உடுப்பிட்டி, நீதிபதியாக இருந்தவர். அவர் தொகுத்த அகராதியை அவர் மறைந்தபின் மதுரைத் தமிழ்ச்சங்கம் வெளியிட்டது. மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை தலைமுறையில் இளையவர், சென்னை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியர், திரு.வி.க.வின் ஆசான், வள்ளலார் பாடல்களை அருட்பா அல்ல என்று மேடையில் வாதாடியவர், 1907-ல் சின்ன வயதிலேயே காலமானார். அவருக்கும் ஓர் அகராதி உண்டு.

ஸ்கேன் செய்த முகப்புத் தாளில் ஊரும் முதலெழுத்தும் தெளிவாகத்தான் அச்சாகியிருக்கும். வைமன், புலோலி. ஒரு கட்டை விரல் அகலத்துக்குள் விடை இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்யும் இடத்தில் இரண்டும் 'பிள்ளை, க.' ஆகிவிடுகிறது. பிறகு ஒரு முனைவர் பட்ட ஆய்வில் உடுப்பிட்டி நீதிபதி 1904-ல் இறந்து, 1905-ல் மேடையேறி வள்ளலார் அன்பர்களோடு வாதாடுவார். இது சிரித்துவிட்டுப் போகும் விஷயம் இல்லை. இரண்டு மனிதர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை அது.

ஜூன் 12

வள்ளலார் பேச்சு வந்ததால். பழைய ஆவணங்களில் அவரும் இராமலிங்கம் பிள்ளைதான், இராமையா பிள்ளையின் மகன். அவர் கையெழுத்துப் போட்டது சிதம்பரம் இராமலிங்கம் என்று. தன்னை இராமலிங்கசாமி என்று வழங்குவது தனக்குச் சம்மதம் இல்லை, அது ஆரவாரம் என்று இறுக்கம் இரத்தின முதலியாருக்குக் கடிதமே எழுதினார். 'கத்தியின்றி ரத்தமின்றி' பாடிய நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை (1888–1972) வேறு. இந்த இருவரையுமா குழப்புவார்கள் என்று கேட்காதீர்கள். குழப்பியிருக்கிறார்கள்.

ஜூன் 14

"இதெல்லாம் வேண்டாத தலைவலி. சாதிப்பட்டத்தை எல்லாப் பெயரிலிருந்தும் எடுத்துவிட்டால் முடிந்தது" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.

நான் என் பெயரில் போடுவதில்லை, என் அப்பாவும் போட்டதில்லை. 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவதில்லை என்று தீர்மானம் போட்டது, நம் நாட்டில் நடந்த பெரிய காரியங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வேறு மாநிலத்து நண்பர்கள் உன் சர்நேம் என்ன என்று கேட்கும்போது அப்பா பெயரைச் சொல்ல முடிகிறதே, அந்தச் சுதந்திரம் அங்கிருந்து வந்தது.

செத்தவர்கள் பெயரை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. தமிழ்நாடு ஒரு நல்ல வழி கண்டது. சிதம்பரனார், சுந்தரனார். 1990-ல் நெல்லையில் தொடங்கியது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-ல் வ.உ. சிதம்பரனார் பெயர். 'னார்' போதும், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வ.உ.சி.யின் தோழர் பரலி சு. நெல்லையப்பரை நெல்லையப்ப பிள்ளை என்று இன்று யாரும் சொல்வதில்லை. வேதாசலம் பிள்ளை, சொந்தப் பெயரையே தமிழாக்கி மறைமலையடிகள் ஆகிவிட்டார்.

ஆனால் ஒரு பட்டியலில் நூலின் முகப்பில் அச்சாகியிருப்பதை அப்படியே எடுத்துப் போடத்தான் வேண்டும். 'சுந்தரனார்' என்று தேடினாலும் 'சுந்தரம் பிள்ளை' என்று தேடினாலும் ஒரே ஆள் வர வேண்டும். இணைப்பது எங்கள் பொறுப்பு, அழிப்பது எங்கள் வேலையில் சேராது.

ஜூன் 14, நள்ளிரவு

படுத்தபின் தோன்றியது, எழுந்து எழுதுகிறேன். பிள்ளை என்பது மரியாதைக்கு வந்த வால் என்று முதல் நாள் லேசாகச் சொல்லிவிட்டுப் போனேன். அந்த மரியாதை எல்லாருக்கும் ஒரே விலைக்குக் கிடைத்ததா?

நிலமும் மடமும் கையில் இருந்த சைவ வேளாளருக்கு அது பிறப்போடு வந்தது. நாகஸ்வரக்காரருக்கும் நட்டுவனாருக்கும் அப்படி இல்லை. கோயிலிலும் மிராசுதார் வீட்டுக் கல்யாணத்திலும் நின்றுகொண்டு வாசித்தவர்கள், சட்டை போடாமல் துண்டை இடுப்பில் கட்டச் சொல்லப்பட்டவர்கள். ராஜரத்தினம் பிள்ளை மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றவர். பட்டுச்சட்டையும் வைரக் கடுக்கனுமாக வந்து உட்கார்ந்தவர். அவர் பெயரின் பிள்ளை, ஆயிரம் ஏக்கர் மிராசுதாரின் பிள்ளையோடு ஒன்றாகுமா? அச்சடித்த கச்சேரி நோட்டீஸில் அந்தச் சொல்லைப் பார்ப்பது அந்த வீடுகளுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்! இவர்கள் பெயரில் அதை வெட்டுவதற்குமுன் நான் ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பேன்.

ஜூன் 16

சங்கீதப் பிரியர் ஒருவர் சுப்பிரமணிய பிள்ளைகளைக் கேட்கிறார். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962), இடது கை மிருதங்கம். அவர் உட்காரும் பக்கம் மாற வேண்டியிருந்ததால் வயலின்காரர்களும் மாறி உட்கார வேண்டும், அதற்குச் சம்மதிக்காதவர்களும் இருந்தார்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975), வாய்ப்பாட்டு. அவர் குரு காஞ்சிபுரம் நயினா பிள்ளை (1889–1934), தாளவாத்தியம் அத்தனையும் பக்கத்தில் வைத்து 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி செய்த லயச் சிங்கம். நயினா பிள்ளையின் இயற்பெயரும் சுப்பிரமணியம்தான். குருவும் சீடரும் ஒரே பெயர், ரத்த சம்பந்தம் கிடையாது.

எம்.எல். பிள்ளை என்று சட்ட உலகில் பேர் வாங்கிய தமிழறிஞர் கா. சுப்பிரமணிய பிள்ளை (1888–1945) நான்காமவர். நெல்லை.

ஜூன் 17

முதலில் கேட்ட வாசகர் திரும்ப வந்திருக்கிறார். "இவர்களுக்குள் ஒரு சம்பந்தமும் கிடையாது என்கிறீர்கள், மனசு ஒப்பவில்லை" என்கிறார்.

சம்பந்தம் இருக்கிறது ஐயா, நீங்கள் தேடிய இடத்தில் இல்லை. மகாவித்துவானும் முன்சீப் வேதநாயகம் பிள்ளையும் உயிர்த் தோழர்கள். ஒருவர் ஆதீனத்துச் சைவர், மற்றவர் கத்தோலிக்கர். அந்தக் கத்தோலிக்கரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துச் சைவர் குளத்தூர்க் கோவை பாடினார். நாகப்பட்டினத்தில் நாராயணசாமிப் பிள்ளை என்று ஒரு தமிழாசிரியர், பழைய புத்தகம் விற்றவர். சுந்தரம் பிள்ளையும் அவரிடம் பாடம் கேட்டார், பிறகு மறைமலையடிகளும் அவரிடமே படித்தார். அந்தப் புத்தகக் கடைக்காரர் வழியாகத்தான் திருவனந்தபுரத்துப் பேராசிரியரும் நாகை இளைஞரும் அறிமுகமானார்கள்.

கப்பல் போய், சிறை போய், வக்கீல் தொழிலும் நொடித்துப்போன கடைசிக் காலத்தில் வ.உ.சி. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். கூட உழைத்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை (1891–1956), தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியர். அந்தப் பதிப்பு எங்கள் தாளில் 'பிள்ளை & பிள்ளை' என்று பதிவாகியிருந்தது. ஏதோ கூட்டு வியாபாரம் மாதிரி. செக்கு இழுத்த மனிதரும் அகராதி தொகுத்த மனிதரும் இளம்பூரணர் வரிகளுக்காகத் தலையோடு தலை முட்டி உட்கார்ந்திருந்த வேலை அது. நீங்கள் கேட்ட பெர்னூலி வீட்டுக்கு ஈடாக நம்மிடம் இருப்பது இந்தத் தொடர்புகள்தான். பாடம் சொன்னவர், ஏடு கொடுத்தவர், கூட உட்கார்ந்து திருத்தியவர்.

திருவாவடுதுறையையும் விடமுடியாது. மகாவித்துவான் கடைசி மூச்சு விட்ட ஊர், ராஜரத்தினம் பிள்ளை தோடி வாசித்த ஊர். ஒரே மடம் இருவரையும் வைத்துக் காப்பாற்றியது.

ஜூன் 19

டர்பனிலிருந்து ஒரு கடிதம். "எங்கள் நாட்டில் இது உண்மையிலேயே குடும்பப்பெயர்தான்" என்கிறார்.

ஆமாம், அங்கே ஆகிவிட்டது. தென்னாப்பிரிக்கா, மொரிஷியஸ் போன கப்பல்களில் தமிழர் பெயரைப் பதிவேட்டில் எழுதிய குமாஸ்தாவுக்குப் பெயருக்கு முன்னால் வரும் ஊர் புரியவில்லை, கடைசிச் சொல்தான் புரிந்தது. அது பிள்ளைக்கு, பிள்ளையின் பிள்ளைக்கு, கல்யாணம் ஆகி வந்த மருமகளுக்கு என்று இறங்கியது. ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்த நவி பிள்ளை 1941-ல் டர்பனில் பிறந்தவர். அவருக்குப் பிள்ளை என்பது கணவர் வழி வந்தது. முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லக்கூடிய இடம் அந்தக் கரைகள்தான். அங்கேயும் இரண்டு பிள்ளை குடும்பங்களுக்குள் உறவு இருக்க வேண்டும் என்பதில்லை, கப்பலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்கலாம்.

ஜூன் 20

விக்கியில் அட்டவணை போடுகிறவருக்கு, நீங்கள் கேட்டபடி. முதல் பத்தியில் ஊர் அல்லது பட்டம் (திரிசிரபுரம், மாயூரம், கவிமணி). இரண்டாவதில் முதலெழுத்து, அதன் விரிவு உறுதியாகத் தெரிந்தால் மட்டும். மூன்றாவதில் பெயர், முகப்பில் அச்சாகியிருக்கிறபடி, பிள்ளையைச் சேர்த்தோ பிரித்தோ எப்படி இருக்கிறதோ அப்படி. நான்காவதில் பிறப்பு, இறப்பு, மாதத்தோடு. அகரவரிசை மூன்றாவது பத்தியின் முதல் எழுத்தில் ஓடட்டும். சின்னப்பிள்ளையை 'ச'வில் போடுங்கள். ஆனந்தரங்கரை 'ஆ'வில் போட்டு, 'ர'விலிருந்தும் ஓர் இணைப்பு கொடுங்கள், பழைய காகிதங்களில் ரங்கப் பிள்ளை என்றும் வருவார். கதிரைவேற்பிள்ளைகள் இருவருக்கும் தனித்தனி எண். அதை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள், மற்றது மெல்ல ஆகட்டும்.